கப்பலேறிய பாயிண்டுகள்

மானம் கப்பலேறிவிட்டது என்று புலம்பிக்கொண்டு தேனாம்பேட்டை ஆபீஸ் படியேறியவர்கள் எத்தனையோ பேர். கப்பலே களவு போய்விட்டது என்று வந்த முதல் ஆள் அனந்தராமன்தான்.

"முழுக் கப்பலா சார்?" என்றான் கதிரேசன்.

"கப்பல் இல்லப்பா. கப்பலுக்கான பாயிண்ட்."

கதிரேசனுக்கு விளங்கவில்லை. துப்பறியும் ஆரோக்கியமேரியிடம் உதவியாளாகச் சேருவதற்கு முன்னால் அவன் கோடம்பாக்கத்தில் துணை நடிகனாக இருந்தவன். முக்கால்வாசிப் படங்களில் பிணம். மூச்சை அடக்கிப் படுத்திருக்க வேண்டிய நேரத்தில் வாயைத் திறந்துவிடுவான் என்பதால் அந்தப் பிழைப்பு நிலைக்கவில்லை. இங்கே வாயைத் திறந்தால் மேரிக்கா ஒரு பார்வை பார்ப்பார், அதோடு சரி.

ஆரோக்கியமேரி ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்தவர். கொளுத்தப்பட்ட குடோனும் செத்ததாகச் சொன்ன புருஷனும் அவர் முன்னால் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். "முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்றார்.

அனந்தராமன் மயிலாப்பூர்வாசி. அரசாங்கத் தணிக்கை ஆபீஸில் உழைத்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் செலவைப் பார்த்துப் பார்த்துத் தனக்குச் செலவு செய்வதே மறந்துபோன மனிதர்.

"பதினெட்டு வருஷம் முன்னாடி தி.நகர்ல புடவை எடுக்கப் போனோம். வாசல்ல ஒருத்தன், 'சார், குலுக்கல்ல உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, தம்பதியா வந்து வாங்கிக்கணும்'னான். போனா ஏ.சி. ரூம், ஜூஸ், மூணு மணி நேரம் பேச்சு. வெளில வரச்சே கையில ஒரு குக்கர், தலையில ஹம்சசாகர் ஹாலிடேஸ்ல இருபத்தஞ்சு வருஷ மெம்பர்ஷிப்."

"குக்கர் நல்லா கீதா சார்?"

மேரிக்கா பார்த்தார். கதிரேசன் வாயை மூடிக்கொண்டான்.

"வருஷா வருஷம் பாயிண்ட் போடுவா. அதை வெச்சு ஊட்டி, மூணார்னு அவா ரிசார்ட்ல எங்க வேணா தங்கலாம்."

"எங்கெல்லாம் தங்கினீங்க?"

"தங்கல. சீசன்ல போனா டபுள் பாயிண்ட் பிடிப்பான். சீசன் இல்லாதப்போ போனா மழை. அப்படியே சேத்து வெச்சேன்." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை பொங்கியது. "இப்போ அதே பாயிண்ட்ல கப்பலும் குடுக்கறா. குடும்பமா போறதுன்னு தீர்மானம் பண்ணினேன். நான், டிசம்பர்ல அமெரிக்காலேர்ந்து வர்ற பையன் சுஹாஸ், மாட்டுப்பொண் ஷ்ரேயா, பேரன். நாலு பேர். நாகேஸ்வரராவ் பார்க்ல நடக்கற அத்தனை பேர்கிட்டயும் சொல்லியாச்சு. நேத்து சாயங்காலம் ஆப்பைத் திறந்தா பாயிண்ட் பூஜ்யம். எவனோ நாலு பேருக்குக் கப்பல் புக் பண்ணிட்டான். வர்ற செவ்வாய்க்கிழமை சென்னைத் துறைமுகத்துலேர்ந்து கிளம்பறது."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"ஜானுகிட்ட மூச்சு விடல. நீங்களும் விடப்படாது. நாங்க குடும்பமா கப்பலேறப் போறதை நெனைச்சு எவ்வளவு சந்தோஷமா இருக்கா தெரியுமோ. கேட்டா உடைஞ்சு போயிடுவா."

"யார் மேல சந்தேகம்?"

அனந்தராமன் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை. சாய்சரண். அடையார்ல இருக்கான். கம்ப்யூட்டர் வேலை. ஆப்பை எனக்குப் போட்டுக் குடுத்தது அவன். பாஸ்வேர்ட் வெச்சதும் அவன். இன்னிக்குக் கார்த்தால 'நீ ஒரு துரோகி'ன்னு வாட்ஸப்ல அனுப்பிட்டு அவனை பிளாக் பண்ணிட்டேன். சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி கையில ஒரு ஆதாரம் வேணும்."

"பொண்ணு?"

"வர்ஷினி ஆபீஸ் வேலையா பெங்களூர் போயிருக்கா. அவளுக்குத் தெரியாது. அடுத்த மாசம் ரெண்டு பேரும் கனடா போறதா இருந்தா."

"போலீஸ் கேஸ் விழுந்தா போக முடியாது சார். வேலையும் போகும். உங்க பொண்ணு வாழ்க்கையும் அதுலதான் இருக்கு."

"நியாயம்னா நியாயம்தான்" என்றார் அனந்தராமன். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓ.டி.பி. உங்க போனுக்குத்தானே வரும்?"

"வந்திருக்கு. ஆனா நான் எவன் கேட்டாலும் சொல்ல மாட்டேன். பேங்க் மேனேஜரே நேர்ல வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆடிட் ஆபீஸ்ல இருந்தவன் நான்."

அவர் படியிறங்கிப் போனதும் கதிரேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மேரிக்கா, இந்த பாயிண்ட்டத் தொட முடியுமா?"

"முடியாது."

"துன்ன முடியுமா?"

"முடியாது."

"சேட்டாண்ட அடகு?"

"முடியாது."

"அப்ப பதினெட்டு வருசமா அந்தாளு இன்னாத்தக்கா சேத்து வெச்சாரு?"

"அது அவருக்கே தெரியாது. வண்டிய எடு. தி.நகர் போலாம்."

பனகல் பார்க் பக்கத்தில் நான்காவது மாடியில் இருந்தது ஹம்சசாகர் ஹாலிடேஸ். கதவைத் திறந்ததும் குளிரும் ரோஜா வாசனையும் ஒன்றாக வந்து அடித்தன. சுவர் முழுக்கக் கடல், கடல் முழுக்கச் சிரிக்கும் குடும்பம். டை கட்டிய இளைஞன் ஒருவன் ஓடிவந்து, "சார், மேடம், நீங்க கப்பிளா?" என்றான்.

"யப்பா, இவங்க எனக்கு முதலாளி" என்றான் கதிரேசன்.

இளைஞனின் சிரிப்பு அந்த இடத்திலேயே வற்றிப் போனது. கொண்டுவந்த ஜூஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். கதிரேசனுக்கு அது பெரிய மனவருத்தம்.

வாடிக்கையாளர் சேவை மேஜையில் இருந்த பெண்ணின் பெயர் அதீபா. அனந்தராமன் போனிலேயே பேசி அனுமதி கொடுத்திருந்தார். அவள் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: "திருட்டெல்லாம் இல்ல மேடம். பாஸ்வேர்ட் சரி, ஓ.டி.பி. சரி. நாலு பேருக்கு ஒரு கேபின். போறவங்க பேரு இன்னும் ஏத்தல. திங்கக்கிழமை வரைக்கும் ஏத்தலாம்."

"கேன்சல் பண்ணினா?"

"இவ்வளவு கிட்ட வந்தப்புறம் பண்ணினா பாயிண்ட் மொத்தமும் போயிடும். ஒண்ணுகூடத் திரும்ப வராது. அதான் ரூல்."

"அடேயப்பா. கொள்ளக்காரன் கூட பஸ்ஸுக்குச் சில்லற குட்த்துட்டுப் போவான்" என்றான் கதிரேசன்.

அதீபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மேரிக்கா மேஜைமேல் முழங்கையை ஊன்றினார். "ஏம்மா, வாசல்ல அந்தத் தம்பி ஜோடியா வந்தாத்தான் ஜூஸ் குடுக்குமா?"

"ஒண்டியா வந்தவங்கள உக்காரவே வெக்க மாட்டோம் மேடம். ஒருத்தர் கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரு. மறுநாள் வீட்டம்மா சம்மதிக்கலன்னு வந்து நிப்பாங்க. அதனால ரெண்டு பேரும் இருந்து ரெண்டு கையெழுத்தும் போட்டாத்தான் மெம்பர்ஷிப்."

மேரிக்கா தலையை ஆட்டிக்கொண்டார். "புக் பண்ணின ஆள் உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?"

"சாட்ல ஒரே ஒரு கேள்வி. ஆபீஸே சிரிச்சுது, அதான் ஞாபகம் இருக்கு." அதீபா திரையைத் திருப்பிக் காட்டினாள். சுத்தமான ஆங்கிலத்தில், நிறுத்தற்குறி ஒன்றுகூடத் தப்பாமல் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை நவமி, திங்கட்கிழமை அஷ்டமி, ஆகையால் கப்பலை ஞாயிற்றுக்கிழமையே எடுக்க இயலுமா என்று தெரிவிக்கவும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேப்டன்கிட்ட கேட்டுச் சொல்றோம்னோம்."

லிஃப்ட்டில் இறங்கும்போது கதிரேசன் விரலை நொடித்தான். "அக்கா, கெடைச்சிட்டான். கனடா போறவன் எல்லாம் நாள் பாத்துக்கினுதான் போவான். மாப்ளதான்."

"இருக்கலாம்" என்றார் மேரிக்கா. அவர் இருக்கலாம் என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம். அது தெரிந்தும் கதிரேசன் அடையாறு வரை அதையே நம்பிக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

காந்தி நகரில் சாய்சரணின் வீடு இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவன் காதில் ஹெட்போனோடு நின்றான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டிராயர். விஷயத்தைக் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"துரோகின்னு அனுப்பிருக்கார். திருப்பிக் கூப்பிட்டா பிளாக். காலைலேர்ந்து எனக்குச் சாப்பாடு எறங்கல மேடம். அவருக்குக் கரண்ட் பில் கட்டுறது நான், போன் ரீசார்ஜ் பண்றது நான். எங்கப்பா இல்ல, இவர அந்த எடத்துல வெச்சிருந்தேன்." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வர்ஷினிகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

பிணமாக நடித்த அனுபவத்தில் கதிரேசனுக்கு ஒரு வித்தை உண்டு. ஓர் இடத்தில் அசையாமல் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடுவான். கதவுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, ஒரு சின்னத் துணிப்பை இருப்பதைப் பார்த்தான். எட்டி எடுத்துத் திறந்தான். உள்ளே ஒரு புதுப் புடவை, பெண்கள் போடும் கறுப்புக் கண்ணாடி, கப்பல் பயணத்தில் வாந்தி வராமலிருக்க ஓர் அட்டை மாத்திரை, அடியில் ஒரு துண்டுத் துணியில் முடிந்துவைத்த மஞ்சள் கிழங்கு.

"அக்கா, கேஸ் முடிஞ்சுது" என்றான். "கேஸு வேற ரூட்லயும் போவுது. பொண்டாட்டி பெங்களூர்ல, புடவ இங்க. யாரு சார் அது?"

சாய்சரணுக்கு முகம் வெளுத்தது. "சத்தியமா அது என் பை இல்ல."

"உன்னுது இல்லன்னு புடவயப் பாத்தாலே தெரியுது நைனா."

"எப்ப வந்தது இது?" என்றார் மேரிக்கா.

"தெரியல மேடம். நேத்து இருந்துதா, முந்தாநாள் இருந்துதா... நான் பூரா நாளும் ஆபீஸ் போன் கால்ல இருப்பேன். காலிங் பெல் அடிச்சா கதவைத் திறந்துட்டு திரும்ப வந்து உக்காந்துடுவேன். இந்த வீட்டுல யானை வந்து போனாலும் எனக்குத் தெரியாது."

மேரிக்கா மஞ்சள் கிழங்கை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பிறகு சிரித்தார். கதிரேசன் அவரிடம் சேர்ந்த இத்தனை காலத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததில்லை.

"தம்பி, நீ எடுக்கல. இந்தப் பையே சாட்சி."

"இன்னாக்கா இது? திருட்டுப் பொருளு கைல கெடச்சா அவன் திருடன் இல்லியா?"

"நான் சாந்தோம்ல வளந்தவ கதிரேசா. எங்க எதிர்வீட்டு மாமி ஊருக்குக் கிளம்பற நாள் ஆகாத நாளா இருந்தா, ரெண்டு நாள் முன்னாடியே ஒரு நல்ல நேரம் பாத்து, ஒரு துணியும் மஞ்சளும் போட்ட பையை எங்க வீட்டுல கொண்டாந்து வெச்சிருவாங்க. பரஸ்தானம்னு பேரு. பை கிளம்பிட்டா ஆளும் நல்ல நேரத்துல கிளம்பிட்ட கணக்கு. அப்புறம் நவமி அன்னிக்குப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

"சரி, அதுக்கு?"

"சொந்த வீட்டுல எவனும் பரஸ்தானம் வெக்க மாட்டான். வெச்சா பை கிளம்பினதா எப்படி ஆகும்? அடுத்த வீட்டுலதான் வெக்கணும். பை அடையார்ல இருக்குன்னா, கப்பலேறப் போற ஆள் அடையார் இல்ல."

கதிரேசன் பையை மெதுவாக ஸ்டாண்டின் மேலேயே வைத்தான். "அப்ப யாரு?"

"தன் வீட்டுக்குப் பக்கத்துல வெச்சா மத்தியானத்துக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுரும்னு பயந்த ஆள். இங்க வந்து பெல் அடிச்சா யாருன்னுகூட நிமிந்து பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஆள். வண்டிய எடு. சாயந்திரம் ஆவறதுக்குள்ள மயிலாப்பூர் போவணும்."

கச்சேரி ரோட்டைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது அனந்தராமனின் ஃபிளாட். ஜானு கதவைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஹாலில் அனந்தராமன் புகார் மனுவில் மூழ்கியிருந்தார். இவர்களைக் கண்டதும் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினார்.

"இவா... இன்ஷூரன்ஸ்லேர்ந்து வந்திருக்கா" என்றார் மனைவியிடம்.

"ஆமா மாமி. பிரீமியம்" என்றான் கதிரேசன். நடிகன் நடிகன்தான்.

ஜானு காப்பி கொண்டுவந்தாள். மேரிக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு, "மாமி, உங்க பை அடையார்ல பத்திரமா இருக்கு" என்றார்.

ஜானு டபராவைக் கீழே வைத்தாள். "செவ்வாய்க்கிழமை கார்த்தால சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

"என்ன பை?" என்றார் அனந்தராமன்.

"என் பை. கப்பலுக்கு."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நீயா? ஓ.டி.பி. எப்படி..."

"பாஸ்வேர்ட் உங்க டைரில இருக்கு. ஓ.டி.பி. நீங்கதான் சொன்னேள். சிலிண்டருக்கு நம்பர் வந்திருக்கும், படிங்கோன்னேன். நான் அடுக்களைல இருந்தேன். ஹால்லேர்ந்து கத்தினேள். எனக்குக் கேட்டுதோ இல்லையோன்னு இன்னொரு தரம் வேற கத்தினேள்."

கதிரேசனுக்குக் காப்பி புரையேறியது.

"இது திருட்டு. பதினெட்டு வருஷமா நான் சேத்த பாயிண்ட்."

"திருட்டு இல்ல சார்" என்றார் மேரிக்கா. "அன்னிக்கு தி.நகர்ல ரெண்டு கையெழுத்து வாங்கினாங்க. மாமியும் மெம்பர்தான். அவங்க பாயிண்ட்ட அவங்க எடுத்திருக்காங்க."

அனந்தராமன் மனைவி பக்கம் திரும்பினார். "குடும்பமா போறதுக்குன்னு வெச்சிருந்தேனேடி."

"யார் யார் குடும்பம்? எண்ணுங்கோ."

அவர் விரலை மடக்கினார். நான், சுஹாஸ், ஷ்ரேயா, பேரன். நான்காவது விரலோடு கை நின்றுவிட்டது. தணிக்கை ஆபீஸில் எத்தனையோ கோடிக் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்த மனிதர் தன் வீட்டுக் கணக்கில் விட்டுப்போன ஆளை இப்போதுதான் பார்த்தார்.

"உனக்குக் கப்பல் ஒத்துக்காதே ஜானு."

"நான் எந்தக் கப்பல்ல போனேன், ஒத்துக்கறதா இல்லையான்னு தெரிய? ஆத்தைப் பாத்துக்க ஒருத்தர் வேணுமேன்னு சுஹாஸ்கிட்ட நீங்க போன்ல சொன்னேள். கேட்டுண்டுதான் இருந்தேன். அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். மறுநாள் புக் பண்ணினேன். அன்வரி பேகம் டீச்சர், இன்னும் ரெண்டு டீச்சர், நான். முப்பது வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம்ல டிபனைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவா. அதுவும் குடும்பம்தான்."

"ஆனாலும் நீ பண்ணினது..."

"மாமி, அவரு டேபிள் மேல கீற பேப்பரத் திருப்பிப் பாருங்க" என்றான் கதிரேசன். மேரிக்கா பார்த்த பார்வை முதுகில் சுட்டது. ஆனால் அடையாறில் ஒரு பையன் காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறானே. "மாப்ளய உள்ள தள்ள எழுதிக்கினு கீறாரு. காலைலயே துரோகின்னு மெசேஜும் போட்ருக்காரு."

ஜானு காகிதத்தைத் திருப்பினாள். இரண்டு வரி படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாய்சரணையா? அந்தக் குழந்தையையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" போனை எடுத்தாள். "வேண்டாம். நான் போகல. அவன் பேரைக் கெடுத்துட்டு எனக்கு ஒரு கப்பலும் வேண்டாம். இப்பவே கேன்சல் பண்றேன்."

"பண்ணு" என்றார் அனந்தராமன் விறைப்பாக. பிறகு மேரிக்காவைப் பார்த்தார். "கேன்சல் பண்ணினா பாயிண்ட் திரும்ப வருமோல்லியோ?"

"வராது சார்."

"பாதி?"

"ஒண்ணுகூட வராது."

அவர் முகத்தில் நடந்த யுத்தத்தைக் கதிரேசன் பக்கத்தில் இருந்து பார்த்தான். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் ஆடிட்டர். புருஷன் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தான்.

"வேண்டாம் ஜானு. வீணாப் போயிடும்" என்றார் அனந்தராமன். "நீ போயிட்டு வா."

ஜானு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. "சரி. நாலு நாள் நீங்க எங்க சாப்பிடுவேள்? உங்களுக்கு வெந்நீர்கூட வெக்கத் தெரியாது."

"மெஸ்ல..."

"மெஸ் சாப்பாடு உங்க அல்சருக்கு ஆகாது. வர்ஷினி ஆத்துக்குப் போங்கோ. அவ பெங்களூர்லேர்ந்து வந்தாலும் ஆபீஸ் போயிடுவா. அங்க சமையல் சாய்சரண்தான்."

அனந்தராமன் புகார் மனுவை எடுத்து நாலாக மடித்தார். "அவன் கையால எப்படி... நான் அவனை..."

"அதான் சொல்றேன். போன் பண்ணுங்கோ."

போனை எடுத்தார். பிளாக் பண்ணியதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. வழக்கமாக இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் அவர் கூப்பிடுவது சாய்சரணைத்தான். கதிரேசன் வாங்கி எடுத்துவிட்டுக் கொடுத்தான். ஒரே மணியில் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"மாப்ளே, நான்தான் பேசறேன். நீங்க எடுக்கல. நீங்க எதையும் எடுக்கல. நான்தான் வாய்க்கு வந்ததை அனுப்பிட்டேன். மன்னிச்சுக்கோங்கோ." அதைச் சொல்வதற்குள் மனிதருக்கு வியர்த்துவிட்டது. "பாயிண்ட் கெடைச்சுடுத்து. மாமி கப்பல்ல போறா. செவ்வாய்க்கிழமைலேர்ந்து நாலு நாள்... கேக்கவே வெக்கமா இருக்கு... நான் அங்க வந்து இருக்கலாமா?"

மறுமுனையில் சாய்சரண் என்னவோ கேட்டான். அனந்தராமன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். கண்ணில் நீர் தளும்பி நின்றது.

"எனக்கு ராத்திரிக்குச் சப்பாத்தியா, இட்லியான்னு கேக்கறான்" என்றார். ஜானுதான் போனை வாங்கி, இட்லி என்று சொன்னாள்.